வேம்பூர் ஆடு: பட்டி முதல் அடுப்பு வரை ஒரு முழு வழிகாட்டி

தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில், மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள வேம்பூரும், அதைச் சூழ்ந்த மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் முதலிய புதூர் வட்டாரக் கிராமங்களும் ஒரு செம்மறி இனத்தின் தாயகமாகும். வெள்ளை உடலில் ஒழுங்கற்ற செம்பழுப்புத் திட்டுகளைக் கொண்ட இந்த ஆட்டை வேம்பூர் ஆடு என்றும், பொட்டு ஆடு என்றும் அழைப்பார்கள். (கடலோரத்தில் உள்ள வேம்பார் வேறு ஊர்.) மானாவாரிக் கரிசலின் வெயிலையும் வறட்சியையும் தாங்கி, உயரமான கால்களால் நாள் முழுவதும் நடந்து மேயக்கூடிய இந்த இனம், இப்போது கலப்பின்றிக் கிடைப்பது அரிதாகி வருகிறது.

இறைச்சிக்காக வளர்க்கப்படும் ஓர் இனத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை உண்ண வேண்டும் என்று சொல்வது முதலில் முரணாகத் தோன்றலாம். ஆனால் கறிக்கடையில் தொங்கும் உடலுக்கு இனப்பெயர் கிடையாது. வெள்ளாடா செம்மறியா என்று கேட்பதோடு நம்முடைய விசாரணை முடிந்துவிடுகிறது. கேட்டு வாங்குபவர் இல்லாத இடத்தில், ஆட்டுக்காரர் எந்த ஊர்க் கிடா மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பட்டியில் விட்டுவிடுகிறார். அதன்பின் இரண்டு மூன்று தலைமுறைக்குள் மந்தையின் நிறமும் உருவமும் தாங்கும் திறனும் மாறிவிடுகின்றன. ஆகவே வளர்ப்பவருக்கும் வாங்கிச் சமைப்பவருக்கும் இதில் சம பங்கு உண்டு. இந்த வழிகாட்டி இருவருக்குமாக எழுதப்பட்டது.

முதல் படி: இனத்தை அடையாளம் காணுதல்

வேம்பூர் ஆட்டின் காதுகள் நடுத்தர நீளமுடையவை, தொங்கும் தன்மையுடையவை. வால் மெலிந்தும் குட்டையாகவும் இருக்கும். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. உடலில் குட்டையான மயிர்தான் இருக்குமே தவிர, கத்தரித்து எடுக்கத்தக்க கம்பளி இருக்காது. வளர்ந்த கிடா ஏறத்தாழ 35 கிலோவும், பெட்டை 28 கிலோவும் எடை இருக்கும்.

இதே கரிசல் பகுதியில் காணப்படும் கீழக்கரிசல் இனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஆடு அடர்ந்த பழுப்பு நிறமுடையது. தலையிலும் வயிற்றின் அடிப்பகுதியிலும் கால்களிலும் கருமை படர்ந்திருக்கும். சந்தையில் வெள்ளையும் சிவப்பும் கலந்த எந்த ஆட்டைக் காட்டினாலும் வேம்பூர் என்று விற்பவர்கள் இருப்பதால், நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. கொம்புள்ள பெட்டை, நிமிர்ந்த காது, தடித்த வால் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கலப்பு என்று ஐயப்படலாம். ஆட்டைக் காட்டிலும் அது பிறந்த மந்தையைப் பார்ப்பதே உறுதியான சோதனை. தாய் எது, பொலிகிடா (இனவிருத்திக்கு விடும் கிடா) எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்பவரிடம் வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: எங்கே, எதை வாங்குவது

எட்டயபுரம் ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களில் பெயர்பெற்றது. விலை நிலவரத்தையும் ஆட்டின் உடல்வாகையும் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் இனவிருத்திக்கான ஆட்டை அங்கே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஊர் மந்தைகள் ஒன்றுகூடும் இடத்தில் நோய்த்தொற்றுக்கு வாய்ப்பு மிகுதி; நல்ல பெட்டையை எந்த ஆட்டுக்காரரும் மனமுவந்து சந்தைக்கு ஓட்டி வருவதில்லை என்பது அதைவிட முக்கியமான காரணம். வேம்பூர், நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களில் மந்தை வைத்திருப்பவர்களை நேரில் சென்று பார்த்து வாங்குவது நல்லது. சாத்தூரில் உள்ள அரசு செம்மறிப் பண்ணையிலும் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஆலோசனை கேட்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 20 பெட்டைகளும் 1 கிடாவும் போதும். வயதைப் பல்லைப் பார்த்து அறிய வேண்டும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்த்தாடையில் 8 உண்டு. பால்பற்கள் சிறியனவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். நடுவில் உள்ள இரண்டும் விழுந்து அகலமான நிலைப்பற்கள் முளைத்திருந்தால், வயது ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு என்று கொள்ளலாம். நான்கு பல் என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. எட்டும் முளைத்துவிட்டால் நான்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஆகிவிட்டது என்று பொருள். இரண்டு பல் அல்லது நான்கு பல் பெட்டைகளையே வாங்குங்கள். மடியின் இரு காம்புகளும் கட்டியின்றி மென்மையாக உள்ளனவா, கண்ணின் கீழிமையை விலக்கினால் உட்புறம் சிவந்துள்ளதா, குளம்புகளில் புண் உள்ளதா என்பவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழிமை வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது என்று அறியலாம்.

வாங்கி வந்த ஆடுகளை மூன்று வாரமாவது தனியே அடைத்து வைத்துக் கவனித்த பிறகே பழைய மந்தையோடு சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: பட்டியும் கிடையும்

கரிசல் மண் மழையில் சேறாகி விரைவில் காயாது. ஈரத்தில் நின்ற ஆட்டின் குளம்பு அழுகும். ஆகவே பட்டியை மேட்டுப்பாங்கான இடத்தில், சரளை அல்லது செம்மண் பரப்பி அமைக்க வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி கூரைநிழல் போதுமானது. நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கு மட்டும் சாரல் அடிக்கும் பக்கத்தில் தட்டி கட்டிக்கொள்ளலாம்.

மற்ற மாதங்களில் கிடை போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம். அறுவடை முடிந்த நிலத்தில் இரவு முழுவதும் ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணிலேயே விழும்; அதற்கு நிலக்காரர் பணமோ தானியமோ கொடுப்பார். ஒரு குட்டியும் விற்காத மாதத்திலும் வரும் வருமானம் அது ஒன்றுதான்.

நான்காம் படி: பொலிகிடா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படித்தால் போதும். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டி தருகிறது. ஒரு கிடா 25 பெட்டைகளின் குட்டிகளுக்கும் தந்தையாகிறது. மந்தையின் பாதி மரபு அந்த ஒரே உடலிலிருந்து வருவதால், தவறான கிடாவை ஒரு பருவத்துக்கு விட்டாலும் அந்த ஆண்டுக் குட்டிகள் முழுவதும் கலப்பாகிவிடும்.

கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது அது மூன்று மாத வயதில் எப்படி வளர்ந்திருந்தது, அதன் தாய் பால் வளமுடையதா என்று விசாரிக்க வேண்டும். விரைகள் இரண்டும் ஒரே அளவில், இறுக்கமாக, பையினுள் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும். தாடைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்; கீழ்த்தாடை முன்தள்ளிய கிடாவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள், அக்குறை குட்டிகளுக்கும் செல்லக்கூடியது. ஒன்றரை வயதுக்குக் குறைந்த கிடாவுக்கு முழு மந்தையின் பொறுப்பைக் கொடுப்பது நன்றன்று.

ஒரே கிடாவை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் அது தன் மகள்களையே பொலியும். உறவுக் கலப்பினால் குட்டிகள் மெலிந்து பிறக்கும், இறப்பும் கூடும். இதைத் தவிர்க்க வெளியூர்க் கிடாவைக் கொண்டுவருவதுதான் பலர் செய்யும் தவறான தீர்வு. அதே இனத்தை வளர்க்கும் மூன்று நான்கு ஆட்டுக்காரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடாக்களைச் சுற்றிலே மாற்றிக்கொண்டால் இனமும் கெடாது, உறவுக் கலப்பும் நேராது, எவருக்கும் பெரிய செலவும் இல்லை. எந்தக் கிடா எந்த ஆண்டு எந்தப் பட்டியில் இருந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் நாட்டின இனங்களைப் பதிவு செய்கிறது என்றாலும், அந்தப் பதிவுக்கு உயிர் கொடுப்பது இத்தகைய குறிப்பேடுகள்தாம்.

ஐந்தாம் படி: மேய்ச்சலும் தீவனமும்

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவை தை, மாசியில் அறுவடையாகும். அதிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் அறுத்த காடுகளில் தாள்களும் சிந்திய மணிகளும் காய்ந்த கொடிகளும் கிடைக்கும்; மந்தைக்கு அதுவே செழிப்பான காலம். பங்குனி பிற்பகுதி முதல் ஆடி வரை பற்றாக்குறை நீளும். அப்போது கருவேல நெற்று, உளுந்தம்பொட்டு, நிலக்கடலைக்கொடி, சேமித்த சோளத்தட்டை ஆகியவை கைகொடுக்கும். சீமைக்கருவேல நெற்றையும் ஆடுகள் விரும்பித் தின்னும். ஆனால் அதன் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறிக் கிடை போட்ட நிலத்திலேயே முளைத்துவிடும் என்பதால், நெற்றை உலர்த்தி இடித்துக் கொடுப்பதே நல்லது. நிலக்காரரோடு உள்ள உறவும் கெடாது.

பெட்டைகளைக் கிடாவோடு சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நாள்தோறும் 200 முதல் 250 கிராம் வரை அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) கொடுத்தால் சினை பிடிப்பது கூடும். சினையின் கடைசி ஒன்றரை மாதத்திலும் அதே அளவு தேவை, ஏனெனில் குட்டியின் எடை பெரும்பாலும் அப்போதுதான் ஏறுகிறது. தாது உப்புக் கலவையையும் உப்புக்கட்டியையும் பட்டியில் எப்போதும் வைத்திருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: முழங்கால் உயரத்துக்குக் கீழ் உள்ள இளஞ்சோளப் பயிரிலும், மழையின்றி வாடிய சோளத்திலும் சயனைடு நஞ்சு உருவாகும் தன்மை உண்டு. அதைத் தின்ற ஆடு சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். சோளக்காட்டு வரப்பில் மேய்க்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது.

ஆறாம் படி: நோய்த்தடுப்பு

ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்குப் போட்டால் மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்புக் கிடைக்கும். துள்ளுமாரி நோய், மழைக்குப்பின் துளிர்த்த இளம்புல்லை வயிறு நிறைய மேய்ந்த கொழுத்த குட்டிகளையே பெரும்பாலும் தாக்குவதால், மழைக்காலத்துக்கு முன்பே ஆண்டுதோறும் அதற்கான ஊசியைப் போட வேண்டும். முதல்முறை போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாம் தவணையும் தேவைப்படும். நீலநாக்கு நோயைப் பரப்புவது கடிக்கும் சிறு பூச்சிகள். அவை பெருகும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாலை வேளைகளில் பட்டியைச் சுற்றி வேப்பிலைப் புகை போடுவது பயன் தரும் என்றாலும், அது தடுப்பூசிக்கு மாற்றாகாது. இவை அனைத்துக்கும் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.

குடற்புழுக்களைப் பொறுத்தவரை, மருந்தை விட மேய்ச்சல் நேரம் முக்கியம். புழுக்களின் இளம்பருவம் பனி ஈரத்தில் புல்நுனிக்கு ஏறிவரும். பனி உலர்ந்த பிறகு பட்டியைத் திறந்தால் பாதித் தொல்லை தீரும். கண்மாய்க் கரையின் சதுப்பில் நத்தைகள் வாழும், அவற்றின் வழியாகத் தட்டைப்புழு பரவும் என்பதால் அங்கே மேய்ப்பதையும் தவிர்க்க வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கிய ஆட்டைக் கண்டால் சாணத்தைச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும்.

ஏழாம் படி: குட்டி ஈனுதல்

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். வேம்பூர் ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும்; இரட்டைக் குட்டி எதிர்பார்த்து இந்த இனத்தை வளர்ப்பவர் ஏமாற்றமடைவார். பிறந்த குட்டியின் தொப்புள்கொடியில் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்ய வேண்டும். மூன்று மாதம் தாயோடு விட்டுப் பிறகு பிரிக்கலாம். பிரிக்கும் நாளில் ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதிவைத்தால், எந்தத் தாயின் பெட்டைக்குட்டியை மந்தையிலேயே வைத்துக்கொள்வது, எந்தக் கிடாக்குட்டியைக் கறிக்கு விடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

எட்டாம் படி: கறிக்கு ஆடு தேர்ந்தெடுத்தல்

குழம்புக்கும் வறுவலுக்கும் 7 முதல் 10 மாத வயதுடைய, பால்பல் விழாத கிடாக்குட்டியே ஏற்றது. சதை மென்மையாகவும், கொழுப்பு குறைவாகவும் இருக்கும். இரண்டு பல், நான்கு பல் கிடாவின் கறி அழுத்தமான மணமும் நாரும் உடையது. அதை விரும்பாதவர்கள் கவுச்சி என்பார்கள், விரும்புகிறவர்களோ அதற்காகவே தேடிப் போவார்கள். உப்புக்கண்டத்துக்கும் நீண்ட நேரம் கொதிக்கும் எலும்புச் சாற்றுக்கும் அத்தகைய முதிர்ந்த கறிதான் சுவை கூட்டும். ஈற்று நின்ற கிழட்டுப் பெட்டையின் கறியையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

உயிர் எடையில் ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடு வரை எலும்போடு கூடிய கறி கிடைக்கும். 20 கிலோ குட்டியை வாங்கினால் 9 அல்லது 10 கிலோ கறி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தலை, கால், குடல், ஈரல் ஆகியவை தனி.

அறுப்பதற்கு முந்தைய நாள் மாலையோடு தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். விரட்டிப் பிடித்து, வெயிலில் நீண்ட தூரம் ஓட்டிவந்து உடனே அறுத்த ஆட்டின் சதை கருத்து வறண்டு, விரைவில் கெடும். உள்ளாட்சியின் ஆடறுக்கும் கூடத்தில், மருத்துவர் பார்த்த பின் அறுப்பதே முறை.

ஒன்பதாம் படி: சமையல்

அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிய கறி மென்மையாக வேகும். அதன்பின் சதை விறைக்கத் தொடங்குகிறது; விறைத்த நிலையில் சமைத்தால் எத்தனை விசில் விட்டாலும் கடினமாகவே இருக்கும். ஆகவே உடனே சமைக்க முடியாதவர்கள், மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுவதும் வைத்து மறுநாள் சமைப்பது நல்லது. இந்த இடைவெளியில் விறைப்பு தளர்ந்துவிடும்.

அறுத்த அன்று காலையில் ஈரலையும் சுவரொட்டியையும் (மண்ணீரல்) மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு வதக்கி உண்பது வழக்கம். ஈரலை ஐந்து நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைத்தால் ரப்பராகிவிடும். தலையையும் கால்களையும் மயிர் போகத் தீயில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவி மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். குடலை வெந்நீரில் அமிழ்த்தி, மேல்தோலைச் சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவும் வேலைக்குப் பொறுமை இல்லாதவர் அதைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடுவது மேல்.

மேய்ச்சல் ஆட்டின் கறியின் சுவையை முதன்முதலாக அறிய விரும்புகிறவர் மசாலா மிகுந்த குழம்பைத் தவிர்த்து உப்புக்கறியில் தொடங்க வேண்டும். 1 கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, விதை நீக்கிக் கிள்ளிய வரமிளகாய் 15, மஞ்சள்தூள், கல்லுப்பு, 100 மில்லி நல்லெண்ணெய் ஆகியவை போதும். அடிகனமான இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, மிளகாயும் வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் கறியையும் மஞ்சளையும் உப்பையும் சேர்த்துக் கிளற வேண்டும். கறியே தண்ணீர் விடும். அது வற்றும்போது ஒரு குவளை வெந்நீர் ஊற்றி மூடி, சிறுதீயில் ஒரு மணி நேரம் வேகவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்து எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்க வேண்டும். மல்லியும் பட்டையும் கிராம்பும் இதில் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செம்மறிக் கொழுப்பு ஆறினால் விரைவில் உறைந்து நாக்கில் ஒட்டும்; ஆகவே சூடாகவே பரிமாற வேண்டும். கம்பஞ்சோற்றுக்கு இது பொருந்துவது போல அரிசிச்சோற்றுக்குப் பொருந்தாது.

உப்புக்கண்டம் போட பங்குனி, சித்திரை வெயில் ஏற்றது. எலும்பும் கொழுப்பும் நீக்கிய தொடைக்கறியை விரல் கனத்துக்கும் குறைவான நீண்ட துண்டுகளாக அரிந்து, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் ஆகியவற்றை அரைத்துப் பூசி, ஓர் இரவு ஊறவைத்து, நூலில் கோத்து மெல்லிய துணி மூடிக் காயப்போட வேண்டும். கொழுப்பை முழுமையாக நீக்காவிட்டால் சிக்கு வாடை வரும். வளைத்தால் ஒடியும் அளவுக்கு நான்கைந்து நாள் காய்ந்தபின் காற்றுப்புகாத பாத்திரத்தில் சேமித்து, வேண்டியபோது வெந்நீரில் கழுவி, தட்டி, நல்லெண்ணெயில் பொரிக்கலாம்.

வளர்க்க இயலாதவர்கள் செய்யத்தக்கது

நகரத்தில் இருப்பவர்களுக்குப் பங்குக்கறி முறை இருக்கிறது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, மந்தைக்காரர் ஒருவரிடம் இத்தனை மாதத்தில் இத்தனை எடையில் ஒரு வேம்பூர்க் கிடாக்குட்டி வேண்டும் என்று முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்து, அறுத்தபின் தொடை, நெஞ்செலும்பு, முதுகுக்கறி, ஈரல் எல்லாம் எல்லாக் கூறுகளிலும் வருமாறு பிரித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் போய் நின்றால் விலையும் கூடும், தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பிராது. ஆகவே தை, மாசி அறுவடைக்குப் பின் மேய்ந்து தேறிய குட்டிகளைப் பேசி முடிப்பது நல்லது. சந்தை விலையைவிடக் கிலோவுக்குச் சிறிது கூட்டிக் கொடுப்பதாக முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். மந்தைக்காரர் அடுத்த ஆண்டும் இன்ன இனக் கிடாவைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று நாம் கேட்பதற்கு அந்தக் கூடுதல் தொகையே அடிப்படை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெட்டைக்குட்டியை மட்டும் கறிக்காகப் பேசி வாங்காதீர்கள்.